ஒரே நற்செய்தி, பல செவிகள்

புனித பெரிய கிரகோரியார் கற்றுத்தரும் மறையுரைப் பாடம்
(வானொலி மறைச்சிந்தனையின் எழுத்து வடிவம்)



ஞாயிறு திருப்பலியில் ஆலயம் நிறைந்திருக்கும்போது யார் யார் அங்கே இருக்கிறார்கள் என்று நினைத்துப் பாருங்கள். கையில் செபமாலையோடு பாட்டி ஒருவர். தேர்வு பயத்தோடு வந்திருக்கும் கல்லூரி மாணவி. கணவரை அடக்கம் செய்து நாற்பது நாள்கூட ஆகாத ஒரு தாய். வட்டிக்குக் கொடுத்து வாங்குபவர் ஒருவர், அவரிடம் கடன்பட்டவர் இன்னொருவர், இருவரும் ஒரே வரிசையில். அம்மா அழைத்ததற்காக மட்டும் வந்து, வாசலருகே நிற்கும் இளைஞர். வாசிக்கப்படும் நற்செய்தி ஒன்றுதான். மறையுரையும் ஒன்றுதான். அது இத்தனை பேருக்கும் எப்படிப் போய்ச் சேரும்?

இது அருள்பணியாளருக்கு மட்டும் உரிய கேள்வி அல்ல. மறைக்கல்வி வகுப்பில் நாற்பது பிள்ளைகளுக்கு முன்னால் நிற்கும் ஆசிரியருக்கும், அன்பியக் கூட்டத்தை நடத்தும் பொறுப்பாளருக்கும், மூன்று பிள்ளைகளை மூன்று விதமாகப் பெற்றிருக்கும் தாய் தந்தையருக்கும் இதே கேள்விதான். ஏறத்தாழ 1,400 ஆண்டுகளுக்கு முன் உரோமை நகரில் ஒருவர் இந்தக் கேள்வியை எடுத்துக்கொண்டு ஒரு நூலே எழுதினார். அவர்தான் திருத்தந்தை முதலாம் கிரகோரி. புனித பெரிய கிரகோரி என்று திரு அவை அவரை அழைக்கிறது. செப்டம்பர் 3ஆம் நாள் அவருடைய திருநாள்.

அவர் வாழ்ந்த காலத்தை முதலில் அறிந்துகொள்வோம். 589ஆம் ஆண்டின் இறுதியில் தைபர் ஆறு கரைபுரண்டு உரோமைக்குள் புகுந்தது. திரு அவையின் தானியக் களஞ்சியங்கள் இடிந்து கோதுமை பாழாயிற்று. வெள்ளம் வடிந்ததும் கொள்ளைநோய் வந்தது. 590 பிப்ரவரியில் திருத்தந்தை இரண்டாம் பெலாஜியுசையே அந்த நோய் கொண்டுபோயிற்று. நகருக்கு வெளியே லொம்பார்தியப் படைகள். பேரரசரோ தொலைவில், கொன்ஸ்தாந்திநோபிளில். இந்த நிலையில் மக்களும் குருக்களும் ஒருமித்துத் தேர்ந்தெடுத்த பெயர் கிரகோரி.

அவர் உரோமையின் நகர ஆளுநராகப் பணியாற்றியவர். பிறகு பதவியை விட்டு, சேலியன் குன்றில் இருந்த தம் குடும்ப மாளிகையையே துறவு மடமாக மாற்றி, அங்கே துறவியாக வாழ்ந்தவர். திருத்தந்தையின் தூதராகக் கொன்ஸ்தாந்திநோபிளில் சில ஆண்டுகள் இருந்தவர். மடத்தின் அமைதியைத்தான் அவர் விரும்பினார். ஆனாலும் நோயில் மக்கள் மடிந்துகொண்டிருந்தபோது அவர் ஒதுங்கி இருக்கவில்லை. நகரம் முழுவதையும் தவப் பவனிக்கு அழைத்தார். குருக்கள், துறவியர், அருள்சகோதரியர், சிறுவர், ஆண்கள், கைம்பெண்கள், மணமான பெண்கள் என ஏழு குழுக்கள். ஒவ்வொரு குழுவும் ஒரு கோவிலிலிருந்து புறப்பட்டு, எல்லாரும் புனித மரியா பேராலயத்தில் ஒன்றுகூட வேண்டும். அந்தப் பவனியிலேயே ஒரு மணி நேரத்தில் எண்பது பேர் விழுந்து இறந்தார்கள் என்று அக்காலத்து வரலாற்று ஆசிரியரான தூர் நகர ஆயர் எழுதி வைத்திருக்கிறார்.

அந்த ஏழு குழுக்களைக் கவனியுங்கள். எல்லாரும் ஒரே இறைவனிடம் செல்கிறார்கள், ஒரே இரக்கத்தைத்தான் கேட்கிறார்கள். ஆனால் கைம்பெண் ஒரு வழியிலும் சிறுவன் இன்னொரு வழியிலும் வருகிறார்கள். புறப்படும் இடம் வேறு, சேரும் இடம் ஒன்று. கிரகோரியாரின் மேய்ப்புப்பணி முழுவதற்கும் இதை ஒரு சுருக்கமாகவே கொள்ளலாம்.

590 செப்டம்பர் 3ஆம் நாள் அவர் திருத்தந்தையாகத் திருநிலைப்படுத்தப்பட்டார். இந்தச் சுமைக்கு ஏன் பயந்து ஒதுங்கப் பார்த்தீர் என்று இரவென்னா ஆயர் யோவான் அன்போடு கடிந்துகொண்டார். அதற்குப் பதிலாகக் கிரகோரியார் எழுதியதுதான் ‘மேய்ப்புப்பணி நெறி’ என்னும் நூல். நான்கு பகுதிகள் கொண்டது. இப்பணிக்கு யார் தகுதியானவர் என்பது முதல் பகுதி. வந்தவர் எப்படி வாழ வேண்டும் என்பது இரண்டாவது. எப்படிக் கற்பிக்க வேண்டும் என்பது மூன்றாவது. கற்பித்தவர் தம்மையே எப்படிப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பது நான்காவது. இவற்றுள் மூன்றாம் பகுதிதான் மிக நீளமானது.

அந்த மூன்றாம் பகுதியின் தொடக்கத்தில் அவர் சொல்லும் கருத்தை நம் வீட்டு வழக்கில் இப்படிச் சொல்லலாம். ஒருவருக்கு மருந்தாக இருப்பது இன்னொருவருக்கு நோயைக் கூட்டிவிடும். வளர்ந்தவருக்கு வலுவூட்டும் உணவைக் கைக்குழந்தைக்கு ஊட்ட முடியாது. இசைக்கருவியின் நரம்புகள் எல்லாவற்றையும் மீட்டும் கை ஒன்றுதான். ஆனால் எல்லா நரம்பும் ஒரே அளவில் முறுக்கப்பட்டால் இசை பிறக்காது. அப்படித்தான் கேட்போரின் உள்ளங்களும். போதனை ஒன்று, அன்பு ஒன்று; அணுகும் முறை மட்டும் ஆளுக்கு ஆள் மாற வேண்டும்.

இதைச் சொல்லிவிட்டு அவர் பொதுப்படையாக நின்றுவிடவில்லை. முப்பதுக்கும் மேற்பட்ட இணைகளைப் பட்டியலிட்டு, ஒவ்வோர் இணைக்கும் எப்படிப் பேசுவது என்று விளக்குகிறார். ஆண்களும் பெண்களும், இளையோரும் முதியோரும், ஏழைகளும் செல்வர்களும், மகிழ்ந்திருப்போரும் துயருற்றோரும், பொறுமையற்றோரும் பொறுமையுள்ளோரும், அதிகம் பேசுவோரும் வாய் திறவாதோரும், நலமாயிருப்போரும் நோயுற்றோரும். இந்தப் பட்டியலை வாசிக்கும்போது, மக்களை ஒவ்வொருவராகப் பார்த்துப் பழகிய ஒரு மேய்ப்பரின் கண் நமக்குத் தெரிகிறது.

சில எடுத்துக்காட்டுகளை மட்டும் பார்ப்போம்.

ஏழைக்கு ஆறுதல் சொல், செல்வருக்கு எச்சரிக்கை சொல் என்பது பொது விதி. ஆனால் உடனே கிரகோரியார் நம்மைத் தடுத்து நிறுத்துகிறார். தாழ்மையுள்ள செல்வரும் உண்டு, செருக்குள்ள ஏழையும் உண்டு. ஆகையால் உடையைப் பார்த்து அல்ல, உள்ளத்தைப் பார்த்துப் பேசு என்கிறார். அதிகாரம் உள்ளவரைத் திருத்த வேண்டுமானால் இறைவாக்கினர் நாத்தானைப் பார் என்கிறார். தாவீது அரசரிடம் நேரடியாகக் குற்றம் சாட்டாமல், ஏழையின் ஆட்டுக்குட்டிக் கதையைச் சொல்லி, தீர்ப்பை அவர் வாயாலேயே வரவழைத்தாரே அந்த நாத்தான்.

வெட்கமில்லாமல் தவறு செய்பவரும் உண்டு, கூச்சத்தால் குன்றிப் போகிறவரும் உண்டு. முன்னவருக்குக் கடுமையான சொல் தேவை. பின்னவருக்கோ ஒரு சிறு நினைவூட்டல் போதும். அதற்கு மேல் சொன்னால் உடைந்துவிடுவார். புனித பவுலே கலாத்தியரிடம் கடுமையாகப் பேசினார். பிலிப்பியரிடம் குறையைச் சொல்லும்போது, அவர்களுக்கு வாய்ப்பில்லாமல் போயிற்று என்று தாமே சமாதானமும் சேர்த்துச் சொன்னார். இரண்டும் ஒரே பவுல், ஒரே அன்பு.

இரண்டாம் பகுதியில் நல்ல சமாரியரைக் காட்டுகிறார். காயத்தின் மீது அவர் திராட்சை மதுவும் வார்த்தார், எண்ணெயும் வார்த்தார். மது எரியும், அழுக்கை நீக்கும். எண்ணெய் குளிர்விக்கும், ஆற்றும். மது மட்டும் ஊற்றும் தலைவர் மக்களைப் புண்படுத்துவார். எண்ணெய் மட்டும் ஊற்றும் தலைவர் புண்ணைச் சீழ்பிடிக்க விட்டுவிடுவார். நம் அன்பியங்களில், பங்குப் பேரவையில், குடும்பத்தில் நாம் பெரும்பாலும் இந்த இரண்டில் ஒன்றை மட்டுமே கையில் வைத்திருக்கிறோம் அல்லவா?

நூலில் எழுதியதை அவர் தம் வாழ்விலும் செய்து காட்டினார். நற்செய்திப் பகுதிகள் மீது அவர் ஆற்றிய 40 மறையுரைகள் இன்றும் நம்மிடம் உள்ளன. கிரகோரியாருக்கு நாள்பட்ட வயிற்று நோய். குரலும் வலுவற்றது. எனவே தொடக்கத்தில் மறையுரைகளை அவர் சொல்லச் சொல்ல எழுத்தர் எழுதிக்கொண்டு, பிறகு ஆலயத்தில் மக்களுக்கு வாசித்துக் காட்டினார். உள்ளடக்கம் சிறப்பாகத்தான் இருந்தது. ஆனால் வாசித்துக் காட்டப்படும்போது மக்கள் மனம் ஒன்றிக் கேட்கவில்லை என்பதைக் கிரகோரியார் கண்டார். ஓர் உயிர்ப்புப் பெருவிழா நாளில், இனிமேல் இயன்றவரை நானே உங்கள் முன் பேசுகிறேன் என்று மக்களிடம் சொல்லி, உடல்நலக் குறைவோடே எழுந்து நின்று பேசத் தொடங்கினார்.

வானொலியில் பேசும் என்னைப் போன்றவர்கள் இந்த நிகழ்ச்சியை அடிக்கடி நினைத்துக்கொள்வது நல்லது. உங்கள் முகத்தைப் பார்க்காமல்தான் நான் இப்போது பேசிக்கொண்டிருக்கிறேன். ஆகவே இந்த வானொலி உரை உங்கள் பங்கின் மறையுரைக்குத் துணையாக இருக்கலாம். அதற்கு மாற்றாக இருக்க முடியாது. உங்கள் வீட்டுக் கதவைத் தட்டி, உங்கள் நோயாளியின் அருகே அமர்ந்து, உங்கள் பிள்ளையின் பெயரை அறிந்த ஒருவர் பேசுவதற்கு ஈடாக எந்த ஒலிபெருக்கியும் வராது.

இனி, கிரகோரியாருடைய வாழ்வின் மிகப் புகழ்பெற்ற முடிவு ஒன்றைப் பார்ப்போம். 596ஆம் ஆண்டு அவர் தம் மடத்துத் துறவி அகுஸ்தினாரையும் தோழர்களையும் இங்கிலாந்துக்கு அனுப்பினார். பாதி வழியிலேயே அவர்களுக்கு அச்சம் வந்துவிட்டது. மொழி தெரியாது, மக்கள் முரடர்கள் என்று கேள்விப்பட்டார்கள். எங்களைத் திரும்பி வர விடுங்கள் என்று கேட்க அகுஸ்தினாரையே உரோமைக்கு அனுப்பினார்கள். கிரகோரியார் அவர்களை ஏளனம் செய்யவில்லை; பின்வாங்கவும் விடவில்லை. ஊக்கமூட்டும் கடிதம் ஒன்றைக் கொடுத்தார். அகுஸ்தினாரை அவர்களுக்குத் தலைவராக ஏற்படுத்தினார். வழியில் உள்ள ஆயர்களுக்கு உதவி கேட்டு மடல்கள் எழுதினார். பிராங்கு நாட்டிலிருந்து மொழிபெயர்ப்பாளர்களும் அவர்களோடு சேர்ந்தார்கள். 597இல் அவர்கள் கென்ட் நாட்டில் கரையிறங்கினார்கள். ஈதல்பெர்ட் மன்னரின் மனைவி பெர்த்தா அரசி ஏற்கெனவே கிறிஸ்தவர். மன்னரும் பின்னர் திருமுழுக்குப் பெற்றார்.

601ஆம் ஆண்டில் அடுத்த துறவியர் குழு புறப்பட்டது. அந்தச் சமயம் கிரகோரியார் மன்னருக்கு எழுதிய மடலில், பழைய தெய்வங்களின் கோவில்களைத் தகர்த்துவிடும்படி கேட்டுக்கொண்டார். மடல் போய்விட்டது. ஆனால் அவர் மனம் அமைதி அடையவில்லை. அந்த மக்களைப் பற்றி நெடுநேரம் எண்ணிப் பார்த்தார். சில வாரங்களிலேயே, வழியில் போய்க்கொண்டிருந்த மெலித்துஸ் என்னும் துறவிக்கு வேறொரு மடல் எழுதினார். கோவில்களைத் தகர்க்க வேண்டாம். உள்ளே இருக்கும் சிலைகளை மட்டும் அகற்றுங்கள். புனித நீர் தெளித்து, பீடம் அமைத்து, அங்கேயே உண்மைக் கடவுளை வழிபடச் செய்யுங்கள். தாங்கள் பழகிய இடத்துக்கே மக்கள் தயக்கமின்றி வருவார்கள். அவர்கள் மாடுகளைப் பலியிட்டு விருந்துண்ணும் வழக்கம் உடையவர்கள். அந்த விருந்தைப் பறிக்காதீர்கள். திருநாளில் ஆலயத்தைச் சுற்றி மரக்கிளைகளால் பந்தல் அமைத்து, அதே விருந்தை இறைவனுக்கு நன்றியாக உண்ணட்டும். மடலின் கருத்து இதுதான். உயரமான இடத்துக்கு யாரும் ஒரே தாவலில் ஏறுவதில்லை, படிப்படியாகத்தான் ஏறுகிறார்கள் என்பதையும் அவர் அதில் நினைவூட்டினார். இங்கிலாந்துத் திரு அவையின் வரலாற்றை 731இல் எழுதி முடித்த புனித பீடு இந்த மடலைத் தம் நூலில் சேர்த்துக் காத்து வைத்தார்.

அன்பார்ந்தவர்களே, திருத்தந்தை ஒருவர், தாம் மன்னருக்கே எழுதிய அறிவுரையைச் சில வாரங்களில் மாற்றிக்கொள்கிறார். முன்பு ஒன்று சொன்னேன், இப்போது மாற்றினால் என் மதிப்பு என்னாகும் என்று அவர் கணக்குப் போடவில்லை. மக்களின் மீட்பு பெரிதா, தம் சொல்லின் பெருமை பெரிதா என்றால் அவருக்கு விடை தெளிவாக இருந்தது. தம்மை ‘கடவுளின் ஊழியர்களுக்கு ஊழியர்’ என்று அழைத்துக்கொண்ட ஒருவரிடம் நாம் எதிர்பார்க்கக்கூடியதும் அதுவே.

அப்படியானால் எல்லாவற்றையும் விட்டுக்கொடுத்துவிடுவதுதான் தலைமையா? அல்ல. அதே காலத்தில் மார்சேய் நகர ஆயர் செரேனுஸ், மக்கள் படங்களை வணங்குகிறார்கள் என்று கண்டு ஆலயத்துப் படங்களை உடைத்துப் போட்டார். கிரகோரியார் அவருக்கு எழுதினார்: வணங்கக் கூடாது என்ற உம் அக்கறை சரி, உடைத்தது சரியல்ல. எழுத்து அறியாதவர்கள் சுவரில் உள்ள ஓவியத்தில்தான் மறைநூலை வாசிக்கிறார்கள். அதை ஏன் அவர்களிடமிருந்து பறித்தீர்? பிரிந்துபோன மக்களைக் கூட்டி, அன்போடு விளக்கிச் சேர்த்துக்கொள்ளும். இங்கேயும் மாறாதது ஒன்று உண்டு: வழிபாடு கடவுளுக்கே உரியது. மாறக்கூடியது ஒன்று உண்டு: அந்த உண்மைக்கு எளியவர் வந்துசேரும் வழி.

இந்த வேறுபாடு நம் தமிழ்நாட்டுத் திரு அவைக்கும் நேரடியாகத் தொடர்புடையது. 1606இல் மதுரைக்கு வந்த இயேசு சபைக் குரு இராபர்ட் தெ நொபிலி, தத்துவ போதகர் என்று அறியப்பட்டவர், காவி உடுத்தி, மரக்கறி உணவு உண்டு, தமிழும் வடமொழியும் கற்று நற்செய்தி சொன்னார். கடும் எதிர்ப்புக்குப் பிறகு 1623இல் திருத்தந்தை பதினைந்தாம் கிரகோரி அவருடைய முறைக்கு இசைவளித்தார். இன்று நாம் ஆலயத்தில் பொங்கல் வைக்கிறோம், கொடியேற்றுகிறோம், தேர் இழுக்கிறோம், தமிழில் பாடுகிறோம். இவை எல்லாம் நம் மண்ணின் கட்டடத்தில் ஏற்றப்பட்ட விளக்குகள்.

ஆனால் வழக்கத்தோடு ஒத்துப்போகிறோம் என்ற பெயரில் சாதியையும் நாம் உள்ளே விட்டுவிட்டோம். நெல்லைச் சீமையில் வடக்கன்குளம் ஆலயத்துக்குள்ளேயே மக்களைப் பிரித்து நின்ற சுவர் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் இடிக்கப்பட்டது. தனிக் கல்லறைகளும் தனித் தேர்ப்பாதைகளும் இன்னும் முற்றாக மறைந்துவிடவில்லை. கிரகோரியாரின் மடலை நாம் பாதி மட்டும் படித்ததன் விளைவு இது. கட்டடத்தை வைத்துக்கொள் என்றார், வைத்துக்கொண்டோம். உள்ளே உண்மைக் கடவுளின் இடத்தில் அமர்ந்திருப்பதை அகற்று என்றார். அதைத் தொடாமல் விட்டோம். மனிதரை மனிதருக்குக் கீழே வைக்கும் எதுவும் பண்பாடு ஆகாது. அது நற்கருணைப் பந்தியில் அமரத் தகாதது. இதை மென்மையாகச் சொல்ல வேண்டியவருக்கு மென்மையாகவும், கடுமையாகச் சொல்ல வேண்டியவருக்குக் கடுமையாகவும் சொல்வோம்; ஆனால் சொல்லாமல் விடக் கூடாது. குரைக்க முடியாத நாய்கள் என்று எசாயா கடிந்துகொண்ட காவலர்களை, பேச வேண்டிய நேரத்தில் வாய்மூடும் மேய்ப்பர்களுக்கு உவமையாகவே கிரகோரியார் காட்டுகிறார்.

இவற்றிலிருந்து நாம் வீட்டுக்கு எடுத்துச் செல்லக்கூடியவை என்ன?

முதலாவது, பேசுமுன் கேளுங்கள். அன்பியத்துக்கு வராத குடும்பத்தை ஏன் வரவில்லை என்று கேட்பதற்கு முன், எப்படி இருக்கிறீர்கள் என்று கேளுங்கள். வேலை மாலை ஏழு மணிக்கு முடிகிறது என்று தெரிந்தால் கூட்ட நேரத்தை மாற்றுங்கள். கூட்ட நேரம் ஒன்றும் விசுவாசக் கோட்பாடு அல்ல.

இரண்டாவது, பெற்றோரே, ஒரு பிள்ளைக்கு நல்லதாக அமைந்த கண்டிப்பு அடுத்த பிள்ளைக்கும் பொருந்தும் என்று எண்ணாதீர்கள். அண்ணனைப் பார் என்று தம்பியிடம் சொல்வதை நிறுத்துங்கள். இருவரும் ஒரே நரம்பு அல்லர்.

மூன்றாவது, மறைக்கல்வி ஆசிரியர்களே, மறையுரை ஆற்றும் அருள்பணியாளர்களே, தயாரித்த பாடம் எவ்வளவு நன்றாக இருந்தாலும், கேட்பவர் முகம் வாடினால் முறையை மாற்றுங்கள். கிரகோரியாரே மாற்றினார்.

நான்காவது, எடுத்த முடிவு மக்களுக்குத் தடையாக இருக்கிறது என்று தெரிந்தால், பங்குப் பேரவையே ஆனாலும் அதைத் திருத்திக்கொள்ளுங்கள். அது தோல்வி ஆகாது.

ஐந்தாவது, சொல்வதற்கு முன் செய்யுங்கள். சேவல் கூவுமுன் தன் சிறகுகளைத் தானே அடித்துத் தன்னை எழுப்பிக்கொள்கிறது என்று கிரகோரியார் மூன்றாம் பகுதியின் முடிவில் காட்டுகிறார். பிறரை எழுப்ப நினைப்பவர் முதலில் தாம் விழித்திருக்க வேண்டும். கிராமத்தில் வளர்ந்த நமக்கு இந்த உவமைக்கு விளக்கம் தேவையில்லை.

நூலின் நான்காம் பகுதி மிகச் சிறியது. இவ்வளவும் கற்பித்த பிறகு மேய்ப்பர் தம் உள்ளத்துக்குத் திரும்ப வேண்டும், நன்றாகப் பேசினோம் என்ற செருக்கு வந்துவிடாமல் காத்துக்கொள்ள வேண்டும் என்கிறது. அங்கே கிரகோரியார், அழகிய மனிதரை வரைந்த அழகற்ற ஓவியன் தாம் என்று சொல்லி, அலைகளில் தத்தளிக்கும் தமக்கு ஒரு பலகை போல உம் செபத்தை நீட்டும் என்று ஆயர் யோவானிடம் கேட்டு நூலை முடிக்கிறார். 604 மார்ச் 12ஆம் நாள் அவர் இறைவனடி சேர்ந்தார்.

உங்கள் பங்குத்தந்தையின் மறையுரை சில ஞாயிறுகளில் உங்கள் உள்ளத்தைத் தொடாமல் போகலாம். அப்போது இரண்டு காரியம் செய்யுங்கள். திருப்பலி முடிந்ததும் அவரிடம் போய், சாமி, எங்கள் வீட்டில் நிலைமை இப்படி இருக்கிறது என்று மனம் திறந்து சொல்லுங்கள். அடுத்த மறையுரையில் அது அவர் நெஞ்சில் இருக்கும். பிறகு அவருக்காக ஒரு அருள்நிறை மரியே சொல்லுங்கள். கிரகோரியார் கேட்ட பலகை அதுதான். மறையுரை பீடத்தில் பிறப்பதற்கு முன் மக்களின் வீடுகளில் பிறக்கிறது.

எல்லாருக்கும் எல்லாமாக மாறிய பவுலடியாரின் மனமும், மாறாத அன்போடு மாறிக்கொள்ளத் தெரிந்த கிரகோரியாரின் ஞானமும் நம் குருக்களுக்கும், நம் பொறுப்பாளர்களுக்கும், நம் பெற்றோருக்கும் கிடைக்க இறைவனை வேண்டுவோம். நல்லாயனாம் இயேசு ஆண்டவர் நம் ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி அழைத்து ஆசீர்வதிப்பாராக. ஆமென்.